போட்டித் தலைப்பில் அடங்காத உணர்வுகள்: நம் கல்லூரி மாணவக் கலைஞர்கள் எதை வரைகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்?

தகடூர்த் தூரிகை (தருமபுரி):

தருமபுரியில் வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் கூடி வரைகிறார்கள். நான் அவர்களுக்கு ஆசிரியர் அல்லன். இடம் கேட்டுக் கொடுப்பதும் தாள் வாங்கி வைப்பதும் கேட்டால் கருத்துச் சொல்வதும்தான் என் வேலை. அரசுக் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டுமானால் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும், மரபுச் சிற்பம் என்றால் மாமல்லபுரம். ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகள் வணிகவியலிலோ வேதியியலிலோ தமிழ் இலக்கியத்திலோ சேர்ந்து படித்துக்கொண்டு, மிச்சப்பட்ட நேரத்தில் வரைகிறவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. போதை ஒழிப்பு, பெண் கல்வி, நெகிழி ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு முழுச் சார்ட்டை நிறைத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் தலைப்பு எதுவும் கொடுக்காமல், அந்த வாரத்தில் தங்களை அலைக்கழித்தது எதுவோ அதை வரையச் சொன்னேன். வந்த படங்களில் பெரும்பாலானவை ஒரே படம்: இருட்டறை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம், கவிழ்ந்த தலை, மேலே ஓர் உடைந்த இதயம் அல்லது சங்கிலி. பெயரை மறைத்துவிட்டால் யார் வரைந்தது எது என்று அவர்களுக்கே தெரியாது. பிறகு பேச்சுக் கொடுத்தபோது வேறு கதை வந்தது. ஒருவனுக்கு வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததால் உதவித்தொகை வந்து சேரவில்லை. ஒருத்தியின் நெருங்கிய தோழி, காரணம் சொல்லாமல் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். இன்னொருவனுடைய அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்; திருவிழாவுக்கு வந்தவர் அன்றிரவே திரும்பிவிட்டார். இவற்றில் ஒன்றுகூட எந்தப் படத்திலும் இல்லை.

அன்றாட உணர்வைக் காட்டும் பயிற்சி இவர்களுக்கு இல்லையா, அல்லது அதைக் காட்டுவதற்கு இடம் இல்லையா என்பதே என் கேள்வி. வரைகிறவர்கள் மட்டுமன்றி, நடிக்கிறவர்களும் பாடுகிறவர்களும் எழுதுகிறவர்களும் சொல்லலாம்.

வேதியியல் மூன்றாமாண்டு (காரிமங்கலம்):

அண்ணா, இடம் இல்லை என்பதே என் பதில். கல்லூரியில் ஓவியம் என்ற சொல் போட்டி அறிவிப்பில் மட்டும்தான் வருகிறது. அறிவிப்பில் தலைப்பு இருக்கும், தலைப்பிலேயே தீர்வும் இருக்கும். நடுவர்கள் நடந்துகொண்டே பார்ப்பார்கள். ஒரு சார்ட்டின் முன்னால் அவர்கள் நிற்கும் நேரத்தில் புரிந்துவிட வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் சின்னமாக்கப் பழகிவிட்டோம். பூமிக்குக் கண்ணும் கண்ணீரும் வைக்கிறோம், மரத்துக்கு ஆக்சிஜன் குழாய் மாட்டுகிறோம். அதே கை எங்கள் சொந்த வருத்தத்துக்கு வரும்போது உடைந்த இதயத்தைப் போடுகிறது. பிறகு, வீடு என்று ஒன்று இருக்கிறது. தோழி பெஞ்சு மாறியதை நான் வரைந்து நிலைத்தகவலில் வைத்தால் மாலைக்குள் அத்தை தொலைபேசியில் அழைத்து, கல்லூரியில் என்ன சண்டை என்று அம்மாவிடம் கேட்பார். உடைந்த இதயத்தை வைத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை, எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி வருத்தப்படுவது எங்களுக்கு வசதியாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் (கிருஷ்ணகிரி):

மாணவியார் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இடம் கிடைத்துவிட்டால் படம் வந்துவிடும் என்று நினைப்பது தவறு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரு நிலைகள் உண்டு. என் காலத்து மாணவர்கள் அவற்றுக்கு உட்காரும்போது முன்னால் ஒரு குடத்தையோ பெட்டியையோ வைத்து, அதன் வாய் வட்டம் எப்படி நீள்வட்டமாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கினார்கள். இன்றைய பிள்ளைகள் தொலைபேசித் திரையில் உள்ள படத்தைக் கட்டம் போட்டு அச்சாக எடுக்கிறார்கள். நடிகர் முகத்தின் தாடி மயிர் வரை வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் தோழனின் கை வராது, ஏனென்றால் அவன் அசைகிறான். பார்க்கப் பழகாத கண்ணுக்குத் தன் வருத்தமும் தெரியாது. ஆகவேதான் எல்லாரும் ஒரே இருட்டறையில் போய் உட்கார்கிறார்கள்.

உணர்வைக் காட்ட ஏராளமான வசதி வேண்டும் என்பதும் இல்லை. பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் குதிரைமேல் இருந்து போரிடும் உருவங்கள் வெள்ளை நிறம் ஒன்றினாலேயே தீட்டப்பட்டிருக்கின்றன. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை. உயர்ந்த கையும் குதிரையின் நடையும் இருக்கின்றன. நான் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றபோது, சண்டை என்று சொல்ல ஒருவருக்கும் நேரம் பிடிக்கவில்லை. முகபாவத்தை நம்பாமல் உடலின் நிலையை நம்பியவன் வரைந்தது அது.

பேருந்தில் வரைபவன் (தொப்பூர்):

ஐயா, அசைகிறவர்களை வரையக் கற்றுக்கொள்ளப் பேருந்தைவிட நல்ல இடம் இல்லை. கணவாயில் இறங்கும்போது கோடு தானாகவே நடுங்கும், அதை அழிக்காமல் விட்டுவிடுகிறேன். சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கூடையைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு தூங்குவார்கள். தூங்கும்போதும் கை மட்டும் கூடையின் விளிம்பை விடாது. அந்தக் கையை வரைந்த நாளில் என் கல்லூரிக் கவலைகள் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது விவாதத்துக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை.

கூத்துவீட்டுப் பிள்ளை (பென்னாகரம்):

நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். என் பெரியப்பா தெருக்கூத்து வாத்தியார். நான் பொருளியல் படிக்கிறேன், விடுமுறையில் வேடம் கட்டுகிறேன். கல்லூரி நாடகக் குழுவில் எங்களுக்குப் பயிற்சி தந்தவர், நடிப்பதற்கு முன் கண்ணை மூடி உங்கள் வாழ்வின் மிகத் துயரமான கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நினைத்தோம், அழுதோம், பிறகு வசனம் மறந்துவிட்டது. அதை வீட்டில் சொன்னபோது பெரியப்பா சிரித்துவிட்டு, திரைக்குப் பின்னால் நிற்பது எதற்காக என்று நினைத்தாய் என்று கேட்டார்.

கூத்தில் முதன்மை வேடம் நேராகக் களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, வருவதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, தான் இன்னார் என்று அறிவித்த பிறகே முகம் காட்டும். அந்தப் பாட்டு முடிவதற்குள் பொருளியல் மாணவன் போய்விட வேண்டும். முகவீணை என்ற ஊதுகருவியும் மிருதங்கமும் பின்பாட்டும் சேர்ந்து அவனைப் போகச் செய்கின்றன. சொந்தத் துயரத்தைத் தோண்டி எடுக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. கர்ண மோட்சக் கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி கணவனைப் போருக்கு அனுப்ப மறுக்கும் இடத்தில், மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து அழுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய கணவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். வேடம் கட்டியவரும் ஓர் ஆண்தான், அவர் பகலில் தறிக்குப் போகிறவர். அவருடைய சொந்தக் கவலை அந்தப் பாட்டில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் தங்கள் கவலையைக் கொண்டுவந்து வைக்க அதில் இடம் இருக்கிறது. அழுகை கூடிப்போகும் நேரத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளே புகுந்து, உள்ளூர்ப் பேருந்து வராததைப் பற்றிக் கேலி பேசிச் சிரிக்க வைப்பான். அன்றாட உணர்வு கூத்தில் எங்கே என்று கேட்டால் நான் கட்டியங்காரனைத்தான் காட்டுவேன்.

தமிழ் முதுகலை (அரூர்):

தகடூர்த் தூரிகை அண்ணனின் கேள்விக்குத் தொல்காப்பியர் வேறொரு பக்கத்திலிருந்து விடை தருகிறார் என்று எனக்குப் படுகிறது. உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பற்றி அவர் சொல்லும் மெய்ப்பாட்டியலை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திவிடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களன்களைச் சொல்லி 32 ஆக விரிக்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இழிவாக நடத்துவது, இழப்பது, முன்பிருந்த நல்ல நிலை தளர்வது, இல்லாமை. தூரிகை அண்ணன் சொன்ன மூன்று மாணவர்களையும் இங்கே வைத்துப் பாருங்கள். உதவித்தொகை வராதவன் வறுமையில் வருகிறான். தோழி விலகிப்போனவளுக்கு நேர்ந்தது இழவா அசைவா என்று வாதிடலாம். என்னைக் கேட்டால் அசைவு என்பேன், ஏனென்றால் தோழி இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள், மாறிப்போனது பழைய நிலை. அப்பா அன்றிரவே திரும்பிய வீட்டில் இழவும் வறுமையும் சேர்ந்து வருகின்றன. மூவருடைய அழுகையும் ஒன்றன்று. ஆனால் மூவரும் ஒரே இருட்டறையை வரைந்திருக்கிறார்கள்.

நிலைக்களனை விட்டுவிட்டு உணர்வை மட்டும் வரைய முயன்றதால்தான் இந்த ஒருமை வந்தது என்பது என் கருத்து. போட்டித் தலைப்பும் இதையேதான் செய்கிறது: ‘பெண் கல்வி’ என்பதில் எந்தப் பெண், எந்தப் பாடம், எந்தப் பேருந்து என்பது இல்லை. பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் கல்வியை முதலில் வைத்து, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை ஆகியவற்றைப் பின்னால் வைப்பதையும் கவனியுங்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணின் பெருமிதம் நம் வளாகங்களில் தினமும் நடமாடுகிறது, அதை வரைந்த படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பட்டமளிப்புத் தொப்பியும் சிறகும் வைத்த படங்களைப் பார்த்திருக்கிறேன்.

தருமபுரியின் பழைய பெயரான நம் தகடூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட உடன் பருகி மகிழ்வான் என்றுதான் தொடங்குகிறது. கள்ளையும் சோற்றையும் அவன் எப்படிப் பங்கிட்டான் என்று சொல்லிச் சொல்லியே துயரம் ஏறுகிறது. தலையில் கைவைத்து அழுத ஓர் உருவத்தை அந்தப் புலவர் முதலில் நிறுத்தவில்லை.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் (கிருஷ்ணகிரி):

அரூர்ப் பெண்ணே, இதை வகுப்பில் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நன்றி. செங்கம் அருகே எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு, அதாவது கால்நடை மந்தை, மீட்கும் பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்வெட்டில் உள்ளன. 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பல உள்ளன. மாணவர்களை அங்கே உட்காரவைத்து, வீரனின் முகத்தை விட்டுவிட்டுக் காலடியில் என்ன செதுக்கியிருக்கிறது என்று வரையச் செய்யலாம்.

உளவியல் படித்தவள் (ஓசூர்):

இரண்டு ஆய்வுகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் ‘மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்’ என்ற அறிவுரை நம் கல்லூரி நிகழ்ச்சிகளில் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் தம் வாழ்வின் மிக வேதனையான நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். மற்றவர்கள் சாதாரணச் செய்திகளை எழுதினார்கள். வேதனையை எழுதியவர்களுக்கு உடனடியாக மனம் கனத்துப்போனது; நன்மை பின்னால்தான் தெரிந்தது, அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அதிலும் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களே பயன் பெற்றார்கள். உணர்வை மட்டும் கொட்டியவர்களுக்கு அந்த அளவு பயன் இல்லை. அரூர்த் தோழி சொன்ன நிலைக்களனுக்கு இது அருகில் வருகிறது. பிற்காலத்தில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்று தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓவியத்தில் நிலைமை இன்னும் சுவையானது. பாஸ்டன் கல்லூரியில் எலன் வின்னரும் ஜெனிஃபர் டிரேக்கும் செய்த சோதனைகளில், மனத்தைத் துயரப்படுத்தும் ஒன்றை நினைக்கவோ பார்க்கவோ செய்துவிட்டுச் சிலரை அந்தத் துயரத்தையே வரையச் சொன்னார்கள், சிலரை அதற்குத் தொடர்பில்லாத வேறொன்றை வரையச் சொன்னார்கள். உடனடியாக மனம் தெளிந்தது வேறொன்றை வரைந்தவர்களுக்கே அதிகம். தொப்பூர்த் தம்பி சந்தைக்காரப் பெண்ணின் கையை வரைந்த நாளில் தன் கவலையை மறந்தது தற்செயல் அன்று. ஆகவே மாணவர்களை ‘உன் வலியை வரை’ என்று தொடர்ந்து வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சிலருக்குக் குடத்தை வரைவதே மருந்து.

ஓர் எச்சரிக்கை: திரும்பத் திரும்பச் சாவைப் பற்றியே வரைகிற, எழுதுகிற மாணவர் இருந்தால் அதைக் கலைப் பாணி என்று விட்டுவிடாதீர்கள். தனியே அழைத்து நேரடியாகக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.

விடுதி மாணவி (பர்கூர்):

என்னிடம் இருப்பது வேறொரு சிக்கல். என் அறைத் தோழி ஒரு நாள் இரவு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டே அழுதாள். மடிப்பதை நிறுத்தவே இல்லை; துப்பட்டாவின் நான்கு முனைகளையும் சரியாகச் சேர்த்து வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததை எடுத்தாள். அதை நான் வரைந்தேன். நான் இதுவரை வரைந்தவற்றில் அதுதான் சிறந்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை, பின்பக்கத்தையும் கைகளையும் மட்டுமே வரைந்திருந்தேன். துறை ஆண்டுமலரில் போட ஆசிரியர் கேட்டபோது தோழியிடம் காட்டினேன். அவள் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, நான் அழுதபோது நீ என்னிடம் என்ன என்று கேட்கவில்லை, பென்சிலை எடுத்தாயா என்று கேட்டாள். ஆண்டுமலருக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். என் கேள்வி இதுதான்: அந்த உணர்வு யாருடையது? பார்த்தவள் நான், கோடு என்னுடையது, அழுகை அவளுடையது.

வேதியியல் மூன்றாமாண்டு (காரிமங்கலம்):

படம் உன்னுடையதுதான் தோழி, ஆனால் வெளியிடும் உரிமை அவளிடம் இருக்கிறது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

பேருந்தில் வரைபவன் (தொப்பூர்):

அப்படியானால் சந்தைக்காரப் பெண்ணிடம் நான் அனுமதி கேட்டிருக்க வேண்டுமா? அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெயரும் தெரியாது. உலகில் வழியோரம் வரையப்பட்ட படங்கள் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

கூத்துவீட்டுப் பிள்ளை (பென்னாகரம்):

இரண்டும் ஒன்றல்ல, தம்பி. பேருந்தில் நீ பார்த்தது அவர் பொதுவெளியில் காட்டிய நிலை. விடுதி அறைக்குள் அழுதவள் தோழியை நம்பி அழுதாள். என் ஆயா இறந்த வீடுகளில் ஒப்பாரி பாடுவதில் பெயர் பெற்றவர். கல்லூரி முத்தமிழ் விழாவில் நாட்டுப்புறப் பாடல் போட்டிக்காக ஒப்பாரி ஒன்றைச் சொல்லிக்கொடுக்கக் கேட்டேன். வீட்டுக்குள் சாவில்லாமல் ஒப்பாரி பாடக் கூடாது என்று மறுத்துவிட்டார். பிறகு எங்கள் கேழ்வரகுக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, ஆள் இல்லாத வரப்பில் உட்கார்ந்து பாடிக்காட்டினார். என் தாத்தாவுக்குப் பாடியதைப் பாடவில்லை. அதைக் கேட்டபோது, அது மேடைக்கு இல்லை என்றார். பொதுவாக எல்லாருக்கும் பாடும் அடிகளைத்தான் கொடுத்தார். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, முதல் பரிசு திரைப்பாட்டு மெட்டில் பாடிய ஒருவருக்குப் போனது. (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

விடுதி மாணவி (பர்கூர்):

ஆயா சொன்னது எனக்குப் போதும், அண்ணா. படத்தைத் தோழியிடமே கொடுத்துவிட்டேன். அவள் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். அவள் ஏன் அழுதாள் என்பதையும் அதன் பிறகு கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

தகடூர்த் தூரிகை (தருமபுரி):

இத்தனை பேர் எழுதியதை வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்றோம். இம்முறை இரண்டு நிபந்தனைகள்: மனித முகமும் சின்னமும் கூடாது, உணர்வைப் பிறப்பித்த பொருளோ இடமோ மட்டும் படத்தில் இருக்க வேண்டும். ஓசூர் அக்கா சொன்னதற்காக மூன்றாவதாக ஒரு விதிவிலக்கும் வைத்தேன்: வரைய விருப்பம் இல்லாதவர்கள் மேசைமேல் இருக்கும் சொம்பை வரையலாம். சிலர் சொம்பைத் தேர்ந்துகொண்டார்கள், அவர்களிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். துறைத் தலைவர் அறைக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள். அவற்றில் ஒரு சோடி மட்டும் வாசலை விட்டுத் தள்ளி, திரும்பி ஓடத் தயாராக வெளிப்பக்கம் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அச்சத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களில் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வரோடு ‘தம் இறை’யையும், அதாவது தம்மை ஆளும் தலைவரையும், வைத்திருப்பதாக அரூர்த் தங்கை நினைவுபடுத்தியபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பா பெங்களூருக்குத் திரும்பிய மாணவன், வீட்டுத் திண்ணையில் அவர் விட்டுப்போன சிமென்ட் படிந்த கரணையை வரைந்திருந்தான். கரணையின் பிடியில் ரப்பர் துணி சுற்றியிருந்தது. சுற்று எங்கே தளர்ந்திருக்கிறது என்பது வரை பார்த்து வரைந்திருக்கிறான். பெஞ்சு மாறிய தோழியைப் பற்றி வரைந்தவள், பெஞ்சின்மேல் காம்பஸ் முனையால் இருவர் பெயரையும் செதுக்கியிருந்த இடத்தை வரைந்தாள். ஒரு பெயரின்மேல் புதிதாக ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. உதவித்தொகை வராதவனுடைய படம் எனக்கு நிறைவு தரவில்லை: வங்கியின் வரிசைச் சீட்டு எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருந்தான், அது மீண்டும் சின்னமாகிவிட்டது. அவனிடம் சொன்னேன், அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் ஆயிரம் ரூபாயில் வண்ணம் வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே போஸ்டர் கலரை அவர்கள் போட்டிக்காகச் சேமித்து வைத்துவிட்டு, இவற்றைப் பென்சிலிலும் பால்பாயின்ட் பேனாவிலும்தான் வரைந்தார்கள். படங்களுக்கு அது நன்மையாகவே முடிந்தது.

தமிழ் முதுகலை (அரூர்):

நானும் அங்கே இருந்தேன். எட்டு மெய்ப்பாடுகளையும் ஒரு தாளில் எழுதி, வந்த படங்களை அவற்றின் கீழ் வைத்துப் பார்த்தோம். அழுகையும் அச்சமும் நிறைய. நகையும் உவகையும் ஓரளவு. பெருமிதம் ஒன்றுதான், அதுவும் கூச்சத்தோடு. வெகுளியின் கீழ் ஒரு படமும் இல்லை. ஒருவருக்கும் கோபமே வரவில்லையா என்று கேட்டதற்குப் பையன்கள் தோளைக் குலுக்கினார்கள், பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேதியியல் மூன்றாமாண்டு (காரிமங்கலம்):

பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் கல்லூரியில் மாலை நேரக் கலைப் பயிற்சிக்குப் பெண்கள் ஐந்து மணி வரைதான் இருக்கலாம், பையன்கள் ஏழு மணி வரை இருக்கலாம். பாதுகாப்புக்காக என்கிறார்கள். விழாவுக்கான குழுவைத் தேர்ந்தெடுப்பது ஆறு மணிக்கு நடக்கும் ஒத்திகையில். ஆகவே மேடைப் பின்னணித் திரையைப் பையன்கள் வரைவார்கள், நாங்கள் வாசலில் கோலம் போடுவோம். கோலம் போடுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அதுவும் கலைதான். ஆனால் ஆண்டுதோறும் எங்களுக்கு அது மட்டுமே வருவது எப்படி என்று கேட்கிறேன். அழுகையை வரைந்தால் ஆறுதல் சொல்ல ஆள் வரும். கோபத்தை வரைந்தால் பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். உடன் படிக்கும் பெண் ஒருத்தி விடுதி உணவு வரிசையைக் கேலிச்சித்திரமாக வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மதியத்துக்குள் அது கிழிக்கப்பட்டது, யார் வரைந்தது என்று விசாரணையும் வந்தது. நாங்கள் இருட்டறையை வரைவது ஏன் என்று அண்ணன் முதலில் கேட்டாரே, அதற்கான விடையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லை என்று ஆசிரியர் ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. பயிற்சி வந்த பிறகும் நாங்கள் எதை வரையாமல் விடுகிறோம் என்று பார்த்தால், அதில் திறமைக் குறைவு மட்டும் இல்லை.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் (கிருஷ்ணகிரி):

அம்மா, இதற்கு நான் என்ன சொல்ல? ஒரு பள்ளியில் இதேபோல விதி இருந்தபோது நாங்கள் ஒத்திகையை நான்கு மணிக்கு மாற்றினோம். எழுதிக் கேட்டதும் ஒரு வாரத்தில் மாறியது. கல்லூரியில் அத்தனை எளிதாக இருக்காது. கடிதத்தில் கையெழுத்துப் போட முன்னாள் ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் மூன்றாமாண்டு (காரிமங்கலம்):

கடிதத்தை எழுதிவிட்டோம், ஐயா. மாணவிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள், உங்கள் கையெழுத்தையும் வாங்க வருகிறேன். படமும் ஒன்று தொடங்கியிருக்கிறேன். ஐந்து மணிக்குக் கலையரங்கக் கதவு. உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே கழுவி வைத்த எங்கள் தூரிகைகள். விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகத் தரையில் விழும் கோணம் எனக்குச் சரியாக வரவில்லை. அதை நேரில் காட்டிக் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் (கிருஷ்ணகிரி):

வாருங்கள். முதலில் கதவின் அடிக்கோட்டையும் தரையின் கோட்டையும் அடிவானத்துக்கு நீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் சேரவில்லை என்றால் தவறு வெளிச்சத்தில் இல்லை, கதவில் இருக்கிறது.